பதினொரு கம்பெனியும் ஒரு பரிவட்டமும்

1. ஆனி மாதம் ஒரு சம்மதக் கடிதம் என் மேசைக்கு வந்தது. "நில உரிமையாளர் சம்மதம் பெறப்பட்டது" என்ற வரிக்கு எதிரே டிக் போட்டேன்.

2. அந்த டிக்கை நம்பிக் கோமளா அக்கா தனக்கிருந்த இன்னொரு வழியை விட்டுக்கொடுத்தார்.

3. ஐப்பசியில், கடிதம் வாங்கிய வழியின் குறுக்கே கம்பி வேலி வந்தது.

4. கம்பெனிக்கு இரண்டு நோட்டீஸ் அனுப்பினோம். இரண்டும் திரும்பி வந்தன.

5. கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த டைரக்டரைத் தேடிப் போனேன். அவர் டெம்போ ஓட்டிப் பிழைப்பவர்.

6. கம்பெனியின் பங்குதாரர்கள் யார் என்று தேடினேன். பதினொரு வெளிநாட்டுக் கம்பெனிகள் கிடைத்தன. ஒரு மனிதர்கூடக் கிடைக்கவில்லை.

7. அப்படிக் கிடைக்காத மனிதரின் பெயர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றும் ஒரு கோயில் ஊர்வலப் பட்டியலில் இருந்தன.

நிலப் பத்திரம் சரிபார்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சிவில் டிப்ளமோ படித்தவள், சர்வே லைசென்ஸ் உண்டு. காஞ்சிபுரத்தில் வக்கீல் ரேவதி மேடத்தின் அலுவலகத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். நிலத்தை அளப்பது, வரைபடம் போடுவது, வில்லங்கச் சான்று பார்ப்பது, பட்டாவும் பத்திரமும் ஒத்துப்போகின்றனவா என்று பட்டியல் வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. பட்டியலில் எல்லா வரிக்கும் டிக் விழுந்துவிட்டால் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவேன். அப்படிக் கட்டி வைத்த ஒரு கோப்பைப் பற்றியது இது.

கையெழுத்து வந்த விதம்

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பழைய தோட்டம். அதன் பின்னால் ஆறு நெசவாளர் வீடுகள். தோட்டத்தின் ஓரமாக நூற்று நாற்பது அடி நீளத்தில் ஒரு நேர்வழி இருந்தது. அந்த வழி நடப்பதற்கு மட்டுமல்ல. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டுப் பாவை, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகளை, இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுப் பிரித்துக் காயவிட வேண்டும். அதற்கு வளைவில்லாத நீண்ட இடம் வேண்டும். ஆறு வீட்டுக்கும் அந்த வழிதான் இடம். தோட்டம் ஒரு விவசாயக் குடும்பத்திடம் இருந்தவரை யாரும் யாரிடமும் எதுவும் எழுதி வாங்கவில்லை.

பிறகு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி கிடங்கு கட்டுவதற்கென்று தோட்டத்தை வாங்கியது. ஆறு வீட்டுக்கும் சேர்த்துக் கோமளா அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வயது நாற்பது இருக்கும். மூன்று தறி வைத்திருக்கிறார். நின்றுகொண்டே பேசுகிற ஆள்.

"வாய் வார்த்தையா இருந்ததெல்லாம் பழைய ஓனரோட போச்சுமா. எழுத்துல ஒண்ணு வாங்கிக் குடுத்துடு."

கம்பெனியின் சைட் சூப்பர்வைசரிடம் பேசினேன். "இன்னா மேடம், ஒரு வழிக்கு இவ்ளோ பேப்பரா? கையெழுத்துதானே, வெள்ளிக்கெழம வாங்கியாறேன்" என்றார். சொன்னபடி வெள்ளிக்கிழமை வாங்கி வந்தார். வழியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் அச்சாகியிருந்தது. கீழே டைரக்டர் முருகேசனின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும். கம்பெனிப் பதிவுகளில் பார்த்தேன். முருகேசன் என்ற டைரக்டர் இருந்தார். டிக் போட்டேன்.

நான் கேட்டிருக்க வேண்டியவை இரண்டு. இந்தக் கடிதத்தைக் கொடுக்க அவருக்கு அதிகாரம் தரும் போர்டு தீர்மானம் எங்கே? அவரை நேரில் பார்த்தவர் யார்? இரண்டையும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் நல்ல மனிதராகத் தெரிந்தார். உண்மையில் நல்ல மனிதர்தான். அவருக்கும் எதுவும் தெரியாது.

கோமளா அக்காவுக்கு அதுவரை இன்னொரு வழியும் இருந்தது. சித்தப்பா மகன் வீட்டு முற்றம் வழியாகப் போகும் சந்து. அந்தச் சித்தப்பா மகன் அங்கே ஒரு அறை கட்ட வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "உனக்குத்தான் அந்தாண்ட எழுத்துலயே வந்துடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு என் வீட்டு நடுவுல நடக்கற?" என்றாராம். அக்கா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆவணியில் சுவர் எழும்பிவிட்டது.

ஐப்பசியில் ஒரு காலை ஏழு மணிக்கு அவர் போன்.

"பாப்பா, நீ குடுத்த பேப்பரக் கம்பி கட்டறவன்கிட்ட காட்டிக்கினு நிக்கறேன். அவன் இந்தில பேசறான். நீ வந்து படிச்சுக் காட்டு."

போய்ப் படித்துக் காட்டினேன். அவன் கேட்டுவிட்டுக் கம்பியைக் கட்டினான்.

அன்றிலிருந்து ஆறு வீட்டுக்காரர்களும் வாய்க்கால் கரை மேல் ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள். ஆள் நடக்கலாம். பாவை நீட்ட முடியாது.

டெம்போ டைரக்டர்

கம்பெனியின் பதிவு முகவரி சென்னையில் ஒரு மாடிப்படிக்குப் பக்கத்துக் கதவு. நோட்டீஸ் "இந்த முகவரியில் எவருமில்லை" என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம், மறுபடி வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. வேறு கோப்பைத் திறந்தாலும் கை இந்தக் கோப்புக்கே போனது. பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில்கூடப் பட்டியல் எழுதினேன்: முகவரி, போன், டைரக்டர், பங்குதாரர்.

முருகேசனின் வீடு வாலாஜாபாத் தாண்டி இருந்தது. வாசலில் டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"டைரக்டர் முருகேசன் சார்?" என்றேன்.

உள்ளே இருந்து அவர் மனைவி சிரித்தார். "யோவ் டைரக்டரு, உன்னத் தேடிக்கினு ஆளு வந்துக்குது பாரு!"

"அட, அது ஒரு கதமா" என்றார் முருகேசன். "முன்ன ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு வண்டி ஓட்டினேன். ஆதார், பான் கார்டு, போட்டோ எல்லாம் வாங்கினாங்க. அங்கங்க கையெழுத்துப் போடுன்னாங்க. டைரக்டர் ஆயிட்டன்னாங்க. இவ அன்னிலேருந்து ஓட்டிக்கினு இருக்கா."

சம்மதக் கடிதத்தைக் காட்டினேன். "இதைப் படிச்சுட்டுத்தான் போட்டீங்களாண்ணா?"

உற்றுப் பார்த்தார். "சூப்பர்வைசர் தம்பி எடுத்தாந்துது. அவங்க கேட்டப்பவும் போட்டேன், நீங்க கேட்டப்பவும் போட்டேன். நான் யாருக்கும் இல்லன்னு சொல்லலையேமா."

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. ஆடிட்டர் ஆபீஸ் நம்பரைக் கொடுத்து, "வந்துட்டீங்க, ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

ஆடிட்டர் ஆபீசில் பேசிய பெண்ணின் குரல் மிக மரியாதையாக இருந்தது. "அந்த லெட்டர் கம்பெனி ரெக்கார்ட்ஸ்ல இல்ல மேடம். போர்டு அப்ரூவல் இல்லாம குடுத்தது செல்லாது."

"நிலத்தோட ஓனர் யாருன்னு சொல்லுங்க, நாங்க அவங்ககிட்டயே பேசிக்கறோம்."

"கம்பெனிதான் மேடம் ஓனர்."

"கம்பெனிக்கு யார் ஓனர்?"

"ஷேர்ஹோல்டர்ஸ் மேடம். பப்ளிக் டாக்குமெண்ட்தான், பாத்துக்கோங்க."

பார்த்தேன். பங்குதாரர் பதினொரு பேர். பதினொன்றும் கம்பெனிகள். ஏழு மொரீஷியஸ், நான்கு பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது சதவீதத்துக்குச் சற்று மேல்.

கம்பெனிச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு கம்பெனியில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ பங்கின் பலனை மறைவில் அனுபவிக்கும் மனிதர் தன்னை அறிவிக்க வேண்டும். கம்பெனி அதை ஒரு படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பதினொன்றும் வெவ்வேறு ஆட்களுடையவை என்று சொல்லிவிட்டால் எவரும் பத்தைத் தொடுவதில்லை. அறிவிக்க ஆள் இல்லை. படிவமும் இல்லை. நூறைப் பதினொன்றால் வகுத்தவர் கணக்குத் தெரிந்தவர்.

ரேவதி மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதுல பெரிய கொடும இன்னா தெரியுமா? நாளைக்கு அந்தப் பதினொண்ணும் அங்கயே கை மாறுதுன்னு வெச்சுக்கோ. ஏனாத்தூர்ல நெலம் வேற ஆளுக்குப் போயிடுச்சு. ஆனா நம்ம சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல ஒரு தாள் அசையாது. நீ வில்லங்கம் போட்டுப் பாத்தா பழைய வரிதான் வரும். நீயும் டிக் போடுவ."

"கம்பெனி மேல கேஸ் போடலாம் இல்ல மேடம்?"

"தாராளமாப் போடலாம். ஆனா அந்தப் பக்கம் யாரு வந்து நிப்பா? டெம்போக்காரரா? இழுத்துக்கினே போவாங்க, அதுக்குள்ள கெடங்கு ஏறிடும். பேசி முடிக்க ஒரு மனுஷன் வேணும்மா. மூக்கும் முழியுமா ஒரு மனுஷன்."

அந்த வாரம் கோமளா அக்கா வந்து, வழக்கம்போல நின்றுகொண்டே கேட்டார். "ஏன் பாப்பா, பதினோரு கம்பெனியில ஒருத்தனுக்குக் கூடவா பேரு இல்ல?" அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு வலித்தது. "நீ வருத்தப்படாத. நீ பாத்துதான் குடுத்திருப்ப."

நான் பார்த்துக் கொடுக்கவில்லை.

ஏழாவது நிறுத்தம்

காணும் பொங்கல் அன்று எங்கள் பக்கத்துச் சிவன் கோயில் சுவாமி வேட்டைக்குப் போவதுபோல ஊருக்கு வெளியே ஊர்வலமாகப் புறப்படுவார். அதுதான் பார்வேட்டை. வழியில் தோட்டங்களிலும் மண்டபங்களிலும் நின்று போவார். போலீஸ் அனுமதிக்கு ஊர்வலப் பாதை வரைபடம் வேண்டும். அதை எங்கள் அலுவலகத்தில் வரைந்து கொடுப்பது வழக்கம், அந்த வருடம் அந்த வேலை என்னிடம் வந்தது. மார்கழிக் கடைசியில் கோயில் எழுத்தர் அந்த வருடப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். நிறுத்தம், இடம், உபயதாரர், நட்சத்திரம், கோத்திரம் என்று ஐந்து பத்திகள்.

ஒவ்வொரு நிறுத்தமாக சர்வே வரைபடத்தின்மேல் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். ஏழாவது நிறுத்தம், தோட்ட மண்டபம். புள்ளி வைத்த இடத்தின் சர்வே நம்பரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. கம்பெனியின் சர்வே நம்பர். எதிரே ஒரு மனிதரின் பெயர்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கு நடக்கிறது. எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடித்தால் "முன்னிலை" என்ற இடத்தில் வருகிற பெயர் என்று மட்டும் சொல்கிறேன்.

கோயிலுக்கு ஓடினேன். குருக்கள் நந்தவனத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஏழாவது நிறுத்தத்துல இவர் பேர் எப்படி வந்தது?"

"அது தோட்டத்துக்காரருக்கு உள்ள மரியாதைம்மா. சுவாமி அங்க நின்னா, நிலத்துக்கு உடையவர் எதிர்கொண்டு அழைக்கணும். அவருக்குப் பரிவட்டம் கட்டி, அவர் பேருக்கு சங்கல்பம் பண்ணுவோம். நிலம் கை மாறினா மரியாதையும் கூடவே மாறும். போன வருஷம் சொல்லி அனுப்பினேன், வாங்கினவர் யாரோ அவர் வரணும், இல்லேன்னா சுவாமி நிக்காம போயிடுவார்னு. அவரே வந்து நின்னார்."

"நிலம் தன்னுதுன்னு சொன்னாரா?"

"பேரு, நட்சத்திரம், கோத்திரம் மூணும் அவர் வாயால சொன்னார். அதுக்கு மேல நான் என்ன பத்திரமா கேப்பேன்?"

பதினொரு கம்பெனிகளில் ஒன்றின் படிவத்திலும் இல்லாத மனிதர் குருக்களிடம் கோத்திரத்தோடு தன்னைச் சொல்லியிருக்கிறார். சுவாமி தன் நிலத்தில் நிற்காமல் போவதை அவரால் தாங்க முடிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கோமளா அக்காவிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, போன வருஷம் நானே அவரக் கும்புட்டேனே! பெரிய மனுஷன் வந்தா தலையில துணி கட்டத்தானே செய்வாங்கன்னு இருந்துட்டோமே!"

அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். எந்த உரிமையில் கட்டுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

காணும் பொங்கல்

ரேவதி மேடம் எனக்கு மூன்று உத்தரவுகள் கொடுத்தார். பரிவட்டம் கட்டுவதை வீடியோ எடுக்க வேண்டும். சங்கல்பத்தில் பெயர் சொல்வது தெளிவாகக் கேட்க வேண்டும். நம் ஆட்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது.

"முக்கியமா உங்க கோமளா. அவங்க நின்னுக்கினே இருக்கட்டும், பேச வேணாம்."

வேலியில் இருந்த கேட் அன்று மட்டும் திறந்தது. ஆறு வீட்டாரும் தங்கள் வழியாகவே நடந்து மண்டபத்துக்கு வந்தார்கள். மாலை நான்கு மணி இருக்கும். சுவாமி இறங்கியதும், பட்டியலில் இருந்த அந்த மனிதர் எதிர்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. குருக்கள் பட்டுத் துணியைத் தலையில் சுற்றிக் கட்டினார். பெயரும் நட்சத்திரமும் மைக்கில் தெளிவாகக் கேட்டன. போனை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன்.

இரண்டு உத்தரவும் முடிந்தன. மூன்றாவது நிற்கவில்லை.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று கோமளா அக்கா முன்னால் போனார். "தோட்டத்துல எங்களுக்கு வழி வேணும். வேலிய எடுக்கச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "எந்த வேலிம்மா? அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

"கம்பெனி யாருதுங்கய்யா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? கோயில்ல கூப்டாங்க, வந்தேன்."

கூட்டத்திலிருந்து ஒரு பெண், "அப்ப தலையில கட்டிக்கினு இருக்கறது யாருதாம்?" என்றார். சிரிப்பு எழுந்தது.

குருக்கள் சிரிக்கவில்லை. கையில் தட்டோடு நின்றிருந்தார். "தோட்டம் உங்களுது இல்லேன்னா இந்த மரியாதை உங்களுக்கு இல்லையே சார். கம்பெனி பேருக்குத்தான் பண்ணணும்னா, கம்பெனிக்கு என்ன நட்சத்திரம்னு சொல்லுங்கோ."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என் போனைப் பார்த்தார். பரிவட்டத்தைத் தானே அவிழ்த்தார், நான்காக மடித்தார், தட்டில் வைத்தார்.

"நெலம் என்னுது இல்ல. தெரியாம கட்டிட்டீங்க."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பரிவட்டம் தட்டிலேயே இருக்க, சுவாமி எட்டாவது நிறுத்தத்துக்குப் புறப்பட்டார்.

அதற்குப் பிறகு

ரேவதி மேடம் வீடியோவை மூன்று முறை பார்த்தார். "கட்டிக்கினது நமக்கு சாட்சி. கழட்டினது அவருக்கு சாட்சி. ரெண்டையும் நீயே எடுத்துக்கினு வந்துருக்கற, நல்ல வேல பாத்தம்மா."

கோமளா அக்கா அன்று முதல் தடவையாக எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தார். "வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கணும்" என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

இரண்டு நாள் அந்த வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் காலை மேடம் வந்ததும் கேட்டேன். "நிலம் என்னுது இல்லன்னு நூறு பேர் முன்னாடி சொன்னாரே மேடம், அதையே எழுத்துல கேட்டா என்ன?"

மேடம் பையைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார். "டைப் பண்ணு" என்றார்.

இரண்டு வரி உறுதிமொழி. ஒன்று, மேற்படி நிலத்திலோ அதை வைத்திருக்கும் கம்பெனியிலோ எனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்த உரிமையும் பலனும் இல்லை. இரண்டு, வேலியை அகற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பினோம். அவர் வாங்கிக்கொண்டதற்கான அட்டை வந்தது. பதில் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவருடைய வக்கீல் நேரில் வந்தார். மேடத்துக்குப் பழக்கமானவர். காபி குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். கடைசியில், "சார் அதுல கையெழுத்துப் போட மாட்டார் மேடம்" என்றார்.

"அவருது இல்லன்னா போடறதுல இன்னா கஷ்டம்?"

"உங்களுக்குத் தெரியாததா மேடம்?" என்று சிரித்தபடி எழுந்துகொண்டார்.

தெரியும்தான். தன்னுடையது என்று ஊர் கேட்கச் சொல்ல முடியாது. தன்னுடையது இல்லை என்று தாளில் எழுதித் தரவும் முடியாது. எழுதித் தந்தால், அந்தப் பதினொன்றை அவருக்காகப் பேருக்கு வைத்திருப்பவர்கள் நாளைக்கு அதே தாளை அவரிடமே காட்டி, எல்லாம் தங்களுடையது என்று சொல்லலாம். கோர்ட்டைக் காட்டிலும் தன் ஆட்களுக்கு அவர் பயப்படுகிறார் என்று மேடம் சொன்னார். எனக்கு அது நிச்சயமில்லை. கையெழுத்து இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். "உரிமையாளர்" என்ற பத்தியில் ஒரு கம்பெனியின் பெயர் வந்தால் அங்கே நிறுத்தாதீர்கள். பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, "பலன் அடையும் மனிதர்" என்று தலைப்பிடுங்கள். தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். காலியாக விட்டால் வாடிக்கையாளர் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வார். கையெழுத்துப் போட்டவரை ஒரு முறையாவது நேரில் பாருங்கள். ஒருவருடைய பழைய வழியை மூடச் சொல்லும் முன், புது வழியில் நீங்கள் நடந்து பாருங்கள்.

இப்போதைய நிலை: வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. கம்பெனி முதல் எதிர்வாதி, அவர் இரண்டாம் எதிர்வாதி. வீடியோவும் அந்த இரண்டு வரி உறுதிமொழியின் நகலும் அவர் தபாலை வாங்கிய அட்டையும் தாக்கல் செய்யப்பட்டுள்ளன. நீதிமன்ற ஆணையர் வந்து வழியை அளந்துவிட்டார். நூற்று நாற்பது அடி சரியாக இருந்தது. கிடங்கு கட்ட இடைக்காலத் தடை உள்ளது. வேலியை அகற்ற உத்தரவு இன்னும் இல்லை. ஆறு வீட்டுப் பாவையும் வாய்க்கால் கரை மேல் சுமந்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, டவுனில் ஒரு தெருவில் நீட்டிக் காயவிட்டு எடுத்து வருகிறார்கள். கோமளா அக்காவின் மூன்று தறிகளில் இரண்டு ஓடுகின்றன.